சுவருக்குள் போன கோழிவலை

1. காணாமல் போன கம்பி

“ஏனுங்க கொத்தனாரே, என்ற கோழிவலைய எங்க கொண்டுபோயி வித்தீங்க?”

நான் தனியாகப் பிடித்த முதல் வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டு இதுதான். கேட்டவர் எடப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டின் எஜமானி, பாவாயம்மாள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம் அது.

இன்றைக்குச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. அதுவரை நான் என் அக்காள் புருஷனிடம் ஆளாக வேலை செய்தவன். அவரோடு வாய்ச்சண்டை போட்டு, “இனிமே உங்ககிட்ட கரண்டி புடிச்சா என்னை என்னன்னு கேளுங்க!” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்திருந்தேன். திருடன் என்று பேர் விழுந்தால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். மறுபடியும் மச்சானிடமே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2. வலையைச் சுவரில் அடித்த கதை

பாவாயம்மாளின் கணவர் நாச்சிமுத்து. வேலைக்குப் போகிற நாங்களெல்லாம் அவரைப் பண்ணாடி என்போம். பழைய மண்சுவர் வீட்டை ஒட்டிச் செங்கல்லில் ஓர் அறை இழுத்திருந்தார். மண்ணும் செங்கல்லும் சேருகிற இடம் எத்தனை முறை பூசினாலும் கோடைக்கு வாய் பிளந்துவிடும். மழைக்கு மண்சுவர் ஊறும், வெயிலுக்குச் சுருங்கும். செங்கல் அசையாது. நடுவில் மாட்டிக்கொண்ட பூச்சு பாவம், என்ன செய்யும்?

சேலத்தில் ஒரு பங்களா வேலையில் இதற்கு மருந்து பார்த்திருந்தேன். சேர்மானத்தின் மேல் கால்வனைஸ் கோழிவலையை அடித்து, அதன்மேல் பூசினார்கள். துரு ஏறாத கம்பி, பூச்சை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒன்றே ஒன்றுதான் முக்கியம். வலையைச் சுவரோடு ஒட்டி ஆணி அடிக்கக் கூடாது. பின்னால் ஓட்டுச் சில்லு கொடுத்துத் தூக்கி அடித்தால்தான் காரை வலைக்கண்ணுக்குள் நுழைந்து பின்பக்கமும் போய்க் கவ்வும்.

பண்ணாடி வீட்டில் புது வலை ஒரு சுருள் கிடந்தது. கோழிப்பட்டிக்கு வேலி போடப் பாவாயம்மாள் ஆசை ஆசையாய் வாங்கி வரச் சொன்னது.

“பண்ணாடி, இதுல கொஞ்சம் வெட்டிக்கட்டுங்களா?”

“வெட்டிக்க, வெட்டிக்க. ஊட்டுல நான் சொல்லிக்கறேன்.”

சொல்லிவிட்டு அவர் மாட்டுச் சந்தைக்குக் கிளம்பிவிட்டார். பாவாயம்மாள் அம்மிணி தாய்வீடு போயிருந்தார். நானும், எனக்குச் சித்தாளாக இருந்த என் வீட்டுக்காரி பழனியம்மாளும் வேலையை ஆரம்பித்தோம். சுவர் உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நெடுக இரண்டாக்கி, உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றும் அடித்தோம். கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புக் காரையை அதன்மேல் பூசி, மழமழவென்று தேய்த்துவிட்டேன். உள்ளே கம்பி இருக்கிற சுவடே தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

3. உலக்கை

மீதி வலையில் தோட்டத்து ஆட்கள் கோழிப்பட்டிக்கு வேலி கட்டினார்கள். கடைசியில் ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு வலை போதவில்லை. முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். கீரிக்கு முள்ளெல்லாம் ஒரு பொருட்டா? முள்ளுக்கடியில் புகுந்து, அடைகாத்துக்கொண்டிருந்த கோழியைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகுதான் அம்மிணி என்னைக் கூப்பிட்டு விட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“செவுத்துக்குள்ள இருக்குதுங்க அம்மிணி.”

“செவுத்துக்குள்ளயா? என்ற கோழி என்ன, செவுத்துக்குள்ளயா மேயுது?”

நான் பண்ணாடியைப் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நாந்தான் சந்தைக்குப் போயிருந்தனே. எனக்கென்ன தெரியும்?” என்றார்!

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. பெண்டாட்டிக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படிப் பயந்தவரைப் பார்த்ததில்லை.

“வெச்சுப் பூசுனத நான் பார்த்தனுங்க,” என்றாள் பழனியம்மாள்.

“நீ உன்ற புருசனுக்குத்தான பேசுவே,” என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார் அம்மிணி.

பூச்சை உடைத்துக் காட்டலாம். ஆனால் வெடிப்பு விடாத சுவர் என்று பத்துப் பேருக்குக் காட்ட எனக்கு இருந்தது அது ஒன்றுதான். உடைக்காவிட்டாலோ திருடன். கோபத்தில் கத்தினேன்.

“இடிச்சுப் பாருங்க! அந்தச் சேர்மானத்துல எங்க வேணும்னாலும் இடிங்க. கம்பி இல்லீன்னா கரண்டிய இங்கியே போட்டுட்டுப் போறேன்!”

சொன்னதுதான் தாமதம், நெல் குத்துகிற உலக்கையோடு வந்துவிட்டார். இரும்புப் பூண் போட்ட உலக்கை. முதல் இடிக்குச் சுவரில் ஒரு கீறலும் இல்லை, எனக்குத்தான் நெஞ்சு அதிர்ந்தது. மூச்சு வாங்க வாங்க மறுபடியும் மறுபடியும் இடித்தார். கையகலத்துக்குக் காரை நொறுங்கியது. ஆனால் கீழே விழவில்லை, அப்படியே தொங்கியது. விரலை விட்டு நோண்டினார். உள்ளே கம்பி பளிச்சென்று தெரிந்தது. பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

அம்மிணி மெதுவாகத் திரும்பினார். என் பக்கம் அல்ல, பண்ணாடி பக்கம்.

“ஏனுங்க, இத்தன நேரம் வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?”

“நாந்தான் வெட்டிக்கச் சொன்னேன்... சொல்லோணும்னுதான் இருந்தேன், சாமி.”

பழனியம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் காரைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடிவிட்டாள். மறுநாளே பண்ணாடி வண்டி கட்டிக்கொண்டு சேலம் போய் வலை வாங்கி வந்து, தன் கையாலேயே அந்த இடைவெளியை அடைத்தார்.

4. மூடாத இடம்

இடித்த இடத்தைப் பூசப் போனேன்.

“வேண்டாங்க, அது அப்படியே இருக்கட்டும்,” என்றார் அம்மிணி. பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்களத் திருடன்னு சொல்லிப்போட்டேன். தப்புங்க கொத்தனாரே,” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கம்பியில் தன் முறத்தை மாட்டிக்கொண்டார். அடுத்த சித்திரை வெயிலிலும் அந்தச் சேர்மானம் வாய் பிளக்கவில்லை. கோழிவலையை வைத்துப் பூசுகிறதா என்று யாராவது தயங்கினால், அவர்களைப் பாவாயம்மாளிடம் அனுப்புவேன். அவர் முறத்தை எடுத்துவிட்டு, “நானே ஒலக்கையில இடிச்சுப் பார்த்ததுங்க!” என்று காட்டுவார். என்னைவிட அவருக்குத்தான் அதில் பெருமை. அப்படியே வேலை மேல் வேலை வந்தது. மச்சான் வீட்டுக்கு விருந்துக்குத்தான் போனேனே தவிர, வேலை கேட்டுப் போகவில்லை.

புதிதாகக் கரண்டி பிடிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வலைக்குப் பின்னால் சில்லு கொடுக்க மறந்தாலாவது திரும்பப் பிரித்து அடித்துக்கொள்ளலாம், காட்டாமல் மூடிய வேலைக்குச் சாட்சி கிடையாது. மறையப் போகிற வேலையை மூடுவதற்கு முன்னால் வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள். அதைவிட முக்கியம், வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதன் பிறகு நான் எங்கே வலை அடித்தாலும், “அம்மிணி, ஒரு எட்டு வந்து தொட்டுப் பாத்துட்டுப் போங்க” என்று கூப்பிடாமல் காரையைக் கையில் எடுத்ததில்லை. என் பூச்சின் மேல் இன்னொரு உலக்கை விழவும் இல்லை.