செல்வபாய் டீச்சர் கேட்ட மூன்று நாள்

இரணியல் ரயில் நிலையத்தில் நாகர்கோவில் வண்டிக்காகக் காத்திருந்தபோது எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ‘ஜெபவீராங்கனை செல்வபாய் டீச்சர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’ அனுப்பியவர் கமிட்டித் தலைவர். அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அவற்றில் பல, நான்கு ஆண்டுகளுக்கு முன் டீச்சர் கேட்ட மூன்று நாளைத் தர மறுத்தவர்களுடையவை. நானும் ஒரு கூப்பிய கையை அனுப்பினேன். பிறகு வெட்கமாக இருந்தது.

குழித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் சபையின் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார், அவர் தமிழ் டீச்சர். ஆலய வளாகத்திலிருந்த பெண்கள் விடுதிக்கும் அவரே வார்டன். பேச்சிப்பாறைக்கு மேலே, உயர்நிலைப் பள்ளி இல்லாத மலைக் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள்.

மஸ்கட்டில் ஒரு பள்ளியில் அவருடைய தம்பி வேலை பார்த்துக்கொடுத்தபோது, ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். சொன்ன பதில், போகவில்லை என்பது. “கர்த்தர் என்ன சொன்னாரு டீச்சர்?” என்று ஆசிரியர் அறையில் கேலியாகக் கேட்டேன். “சத்தம் ஒண்ணும் கேக்கல்ல சாரே. போலாம்னு நெனச்சா மனசு அடங்க மாட்டேங்கு. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்” என்றார். கடவுள் தன்னிடம் பேசினார் என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

அவருக்கும் தவறியதுண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை விடுதியிலிருந்து அழைத்துப்போக அவளுடைய அப்பா வந்து கத்தினார். டீச்சர் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் ஜெபித்துவிட்டு வந்து, அனுப்பிவைத்தார். ஆறு மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் செய்துவிட்டார்கள். “அண்ணைக்கு நான் ஜெபிச்சது வழி கேட்டு இல்ல. அவளுக்க அப்பாகிட்ட சண்டை போடாம தப்பிக்கணும்னு” என்று என்னிடம் சொல்லி அழுதார். அதன் பிறகு எந்தப் பெரிய காரியத்துக்கும் மூன்று நாள் கேட்பார். “ஒரு நாள் எனக்க ஆசையச் சொல்லித் தீக்கணும். ஒரு நாள் எனக்க பயத்தச் சொல்லித் தீக்கணும். பொறவுதான் ஆண்டவருக்க சித்தம் என்னன்னு கேக்க முடியும்.”

விடுதியை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டும் யோசனை கமிட்டிக்கு வந்தது. நான் செயலாளர். டீச்சரும் உறுப்பினர். கூட்டம் ஜெபத்தோடு தொடங்கியது. “எங்களை நடத்தும் ஆண்டவரே” என்று தலைவர் உருகினார். மண்டபத்தின் வரைபடம் மேசைமேல் இருந்தது. காண்டிராக்டர் போன வாரமே இடத்தை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

“மூணு நாள் தாருங்க. எல்லாரும் ஜெபிச்சிட்டு முடிவெடுப்போம்” என்றார் டீச்சர்.

“நாங்க ஜெபிச்சாச்சு டீச்சர்” என்றார் தலைவர்.

“முடிவெடுத்துட்டு ஜெபிச்சா, அது ஆண்டவருக்கிட்ட கையெழுத்து வாங்கப் போறது” என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பினார். “சாரும் ஜெபிச்சியளா?”

“ஜெபிச்சேன்” என்றேன்.

நான் ஜெபிக்கவில்லை. என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தோம். அந்த மண்டபத்தில் நடந்த முதல் கல்யாணம் அவளுடையது. டீச்சர் வரவில்லை.

விடுதியிலிருந்த பதினொரு பிள்ளைகளும் தங்க இடமில்லாமல் மலைக்கே திரும்பிப் போனார்கள். டீச்சர் கமிட்டியை விட்டு விலகினார். பள்ளியில் என்னைக் கண்டால் வணக்கம் மட்டும் சொல்வார்.

சென்ற மாதம், சிறுநீரகம் பழுதாகித் தங்கை வீட்டில் படுத்திருந்தவரைப் பார்க்கப் போனேன். “அண்ணைக்கு நான் ஜெபிக்கல்ல டீச்சர்” என்றேன்.

“எனக்கு அப்பவே தெரியும்.”

“என்னை மன்னிக்கணும்.”

“நான் மன்னிச்சேன்னு சொன்னா உங்களுக்கு லேசாயிரும். எனக்க வீட்டையா இடிச்சிய? அந்தப் பிள்ளையள்ட்ட போய்க் கேளுங்க.” தங்கையிடம் தாள் வாங்கி, பதினொரு பெயர்களையும் ஊர்களையும் எழுதிக் கொடுத்தார். நான் உடனே போகவில்லை.

அடக்க ஆராதனை அந்த மண்டபத்துக்கு எதிரேயுள்ள ஆலயத்தில் நடந்தது. ஜெபிக்காமல் அவர் எதையும் செய்ததில்லை என்று தலைவர் பிரசங்க பீடத்தில் நின்று புகழ்ந்தார். அவரை அறிந்த நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

மறுநாள்தான் பட்டியலின் முதல் பெயரைத் தேடிப் போனேன். அவள் இப்போது முந்திரிப் பருப்பு உரிக்கும் அண்டியாபீஸில் வேலை செய்கிறாள். கறை பிடித்த விரல்களைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவள், “டீச்சர் சுகமா இருக்காவளா சாரே?” என்று கேட்டாள். சொன்னேன். சுவரில் சாய்ந்து அழுதாள். பிறகு, “ஹாஸ்டல யாரு பூட்டினான்னு டீச்சர் கடைசிவரைக்கும் எங்களுக்கிட்ட சொல்லல்ல. உங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

“பூட்டினவங்கள்ல நானும் உண்டு” என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள்.

டீச்சர் எனக்கு விட்டுப்போனது அந்தத் தாள். இன்னும் பத்துப் பெயர்கள் இருக்கின்றன.