ஹாஜிரா வீட்டுப் பேகம்

பாலக்கரையில் ஹாஜிராவிடம் துணி தைக்கக் கொடுத்தவர்களுக்கு அவளுடைய ஒரு பழக்கம் நன்றாகத் தெரியும். இஞ்சு டேப்பைக் கண்டு அலறுகிற குழந்தையை அவள் பிடித்து நிறுத்த மாட்டாள். டேப்பையே அதன் கையில் கொடுத்துவிடுவாள். குழந்தை அதைக் கடித்து, இழுத்து, தரையில் தேய்த்துச் சலித்த பிறகுதான் அளவெடுப்பாள். "பயந்த புள்ள மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அந்த அளவுக்குத் தைச்சா சட்டை சேராதுங்க" என்பாள்.

1958 தை மாதம். அவள் கணவர் ஜமால் கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒரு நாள் மத்தியானம், கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு கூண்டோடு வீட்டுக்கு வந்தார். உறையூரில் நல்லுசாமி என்பவரின் வீட்டில் குடியிருந்த ஆள், காலி செய்துகொண்டு போகும்போது மலைக்கிளி ஒன்றைப் புழக்கடையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். மூன்று நாளாகத் தண்ணீர்கூட இல்லாமல் கிடந்ததைப் பஞ்சர் ஒட்ட வந்த நல்லுசாமி சொல்ல, மனசு கேட்காமல் ஜமால் போய் எடுத்து வந்துவிட்டார்.

கிளியின் நெஞ்சில் இறகே இல்லை. இரண்டு இறக்கைகளையும் யாரோ கத்தரித்திருந்தார்கள். ஆள் கிட்டே போனால் கம்பியில் மோதிக்கொண்டு தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்தியது.

"தண்ணி வைக்கலாம்னு கையை விட்டேன். விரலைப் பதம் பாத்துருச்சு. திறந்துவிட்டுரலாமா?" என்றார் ஜமால்.

"றெக்கை இல்லாததைத் திறந்துவிட்டா பூனை வாய்க்குத்தான் போகும். இருக்கட்டும், நான் பாத்துக்குறேன்."

"உன்னையும் கடிக்கும், ஹாஜிரா."

"கடிக்கட்டும்ங்க. எத்தனை தடவை ஊசி ஏறின விரல் இது."

தையல் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலில் கூண்டைத் தொங்கவிட்டாள். ஒரு மாதம் வரை அதை நேராகப் பார்க்கக்கூட இல்லை. தண்ணீரையும் கம்புத் தானியத்தையும் வைப்பாள். முதுகைக் காட்டி உட்கார்ந்து தைப்பாள். யாரையும் அண்டவிடாத அதன் தோரணையைப் பார்த்து ஜமால்தான் கேலியாக "பேகம்" என்றார். அதுவே பெயராகிவிட்டது.

மாசி பிறந்ததும் இரண்டடி மர ஸ்கேலின் நுனியில் கொய்யாத்துண்டை வைத்து நீட்டினாள். முதல் நாள் பேகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலாம் நாள் கொத்தித் தின்றது. அதற்கப்புறம் வாரத்துக்கு மூன்று அங்குலமாக, ஸ்கேலில் தன் பிடியை முன்னால் நகர்த்திக்கொண்டே வந்தாள். பங்குனிக் கடைசியில் பேகம் கொய்யாவை விட்டுவிட்டு அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்தது. ரத்தம் சொட்டியது. ஹாஜிரா கையை இழுக்கவில்லை, கத்தவுமில்லை. பேகம் தானாக விட்ட பிறகுதான் மெதுவாகக் கையை எடுத்தாள்.

"வெடுக்குன்னு இழுத்தா, கடிச்சா ஆள் ஓடும்னு அதுக்குத் தெரிஞ்சுபோகும்" என்று ஜமாலிடம் சொல்லிக்கொண்டே விரலுக்கு மஞ்சள் வைத்தாள். அதே விரலில், ஊசி குத்தாமலிருக்க அங்குஸ்தானை மாட்டி அன்றைக்கே இரண்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்தாள்.

சித்திரையில் பேகம் அவள் விரலிலிருந்தே தின்றது. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

ஒரு நாள் சாயங்கால அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்த ஜமால், தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். அவ்வளவுதான். பேகம் தலைகீழாக விழுந்து, புரண்டு, கம்பியில் அடித்துக்கொண்டதில் அலகோரம் ரத்தம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று நாள் ஹாஜிராவின் கையிலிருந்தும் வாங்கவில்லை.

ஹாஜிரா யோசித்தாள். நாள் முழுக்கத் துணிக்கு நடுவில் இருக்கிற கிளி. மெஷினில் ஓடுகிற துணிக்குப் பயமில்லை. உதறின துண்டுக்கு ஏன் இந்தப் பயம்? மறுநாளே உறையூருக்குப் போய் நல்லுசாமியைப் பார்த்தாள்.

"அண்ணே, அந்த ஆளு கிளியை எப்படிப் பிடிப்பாரு?"

"எப்படிம்மா பிடிப்பான், துண்டைத் தூக்கிப் போட்டு அமுக்குவான். றெக்கை முளைக்க முளைக்க வெட்டணும்ல. அது கத்துற கத்துல எங்க வீட்ல சோறு இறங்காது."

 வீடு திரும்பும்போதே ஹாஜிராவுக்குச் செய்ய வேண்டியது என்னவென்று தெளிவாகிவிட்டது. ஜமால் உதறின துண்டிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு நாடா கிழித்து, கூண்டிலிருந்து ஐந்தடி தள்ளித் தரையில் போட்டாள். பேகம் அதையே முறைத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து ஓரடி கிட்டே. பிறகு கூண்டின் கம்பியில். ஒரு காலையில் பேகம் அந்த நாடாவை உள்ளே இழுத்து, அலகால் நார் நாராகக் கிழித்தது.

"கிழி தாயி, நல்லாக் கிழி" என்றாள் ஹாஜிரா. அடுத்து கொடுத்தது கையகலம். ஆவணிக்குள் மிச்சத் துண்டு முழுவதையும் மேஜையில் விரித்து, அதன் மேல் வேர்க்கடலையை இறைத்தாள். பேகம் கூண்டைவிட்டு இறங்கி, துண்டை மிதித்துக்கொண்டே தின்றது. பிறகு அவள் கையைப் பிடித்துத் தோள் வரை ஏறிவந்து உட்கார்ந்தது. ஹாஜிரா அசையாமல் இருந்தாள். அன்றைக்குச் சோறு தாமதம். 

அடுத்த வருஷம் புது இறகு முளைத்தது. அக்கம்பக்கத்தில் வெட்டச் சொன்னார்கள். ஹாஜிரா மாட்டேன் என்றாள். ஒரு காலையில் பேகம் பறந்துபோய் எதிர்வீட்டு வேப்பமரத்து உச்சியில் உட்கார்ந்தது. தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு வீரமலை போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தில் ஏறப் போனார்.

"அண்ணே, போர்வை வேணாம், ஏறாதீங்க" என்றாள் ஹாஜிரா. "பறந்தது அது. வர்றதும் அதுதான் வரணும்."

"வராட்டி?"

"வராட்டி அது இஷ்டம்ங்க. பிடிச்சுட்டு வந்தா மறுபடி முதல்லேருந்துதான்."

சொல்லிவிட்டு மெஷினை வாசலுக்கு இழுத்துப் போட்டு, பெருநாளுக்குக் கொடுக்க வேண்டிய பாவாடைகளைத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். அது திரும்பி வர வேண்டுமென்று மனசுக்குள் துஆ ஓடிக்கொண்டிருந்தது. கால் மட்டும் ஒரே சீராக மிதித்தது. மத்தியான லுஹர் பாங்கு சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் பேகம் இறங்கிவந்து மெஷின் மேலேயே நின்றது. அன்றிலிருந்து காலையில் போவதும் வெயில் ஏறினால் திரும்புவதும் அதன் வழக்கமாயிற்று.

செய்தி காவிரிப் பாலத்தைத் தாண்டிவிட்டது. ஹாஜிராவிடம் ஜாக்கெட் தைக்கிற ஸ்ரீரங்கத்து வேதவல்லி மாமி, 1962இல் அவளை வீட்டுக்கே வரவழைத்தாள். தோட்டத்தில் அடிபட்டுக் கிடந்த கிளியை மாமி எடுத்து வைத்திருந்தாள். அது வீட்டில் ஒருவர் விடாமல் கடித்திருந்தது.

"ஆண்டாள் கையிலே இருக்கற ஜீவனாச்சேன்னு ஆசையா எடுத்துண்டு வந்தேன். கிட்டக்கவே விடமாட்டேங்கறது. எத்தனை நாள்ல படியும், ஹாஜிரா?"

"அதைக் கிளியைத்தான் கேக்கணும் மாமி. இது எதைப் பாத்துக் கத்துது, சொல்லுங்க?"

மாமி யோசித்துச் சொன்னாள்: "விளக்குமாத்தைப் பார்த்தா."

"அப்ப அதுலேருந்து ஒரே ஒரு ஈர்க்குச்சி கொண்டாங்க" என்று ஹாஜிரா கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அந்தக் கிளி மாமியின் விரலிலிருந்து வாங்கித் தின்ன ஐந்து வாரம் பிடித்தது. அதில் மாமிக்கு இரண்டு கடி, ஹாஜிராவுக்கு ஒன்று.