ஒரே மேசையில் இரண்டு ஸ்வீட் பாக்ஸ்

ஊழியர்களுக்குப் பயிற்சி தருவதிலும் அவர்கள் திறமையை வளர்ப்பதிலும் இனி நான் சான்றிதழ் பெற்ற ஆள். நேற்று மாலை ரிசல்ட் வந்தது.

தில்லி ஆபீஸில் நல்ல செய்தியை வெறுங்கையோடு சொல்ல முடியாது. இன்று காலை காஜு கத்லி பாக்ஸோடு போனேன். மேசையில் ஏற்கெனவே ஒரு லட்டு பாக்ஸ் இருந்தது. பக்கத்தில் நித்யா. எங்கள் பயிற்சிப் பிரிவே நானும் அவளும்தான்.

“உனக்கு என்னடி விசேஷம்?”

“வேற வேலை கிடைச்சிருச்சு அக்கா. ட்ரெய்னர் போஸ்ட்.”

“ஏன் நித்யா? இங்கயே பாத்திருக்கலாமே?”

“ஒரே ஒரு செஷன் நான் எடுக்கறேன்னு கேட்டுட்டே இருந்தேன்ல? உங்க எக்ஸாம் முடியட்டும்னு சொன்னீங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “அங்க முதல் வாரமே எடுக்கச் சொல்லிட்டாங்க. அச்சா, லட்டு எடுத்துக்குங்க.”

எடுத்துக்கொண்டேன். என் பாக்ஸை அதன் பக்கத்தில் வைத்தேன்.

பரீட்சையில் இதே கேள்வி வந்திருந்தது. வளர ஆசைப்படும் ஊழியருக்கு என்ன செய்வீர்கள்? ‘சிறிய பொறுப்பு ஒன்றை உடனே கொடுப்பேன்’ என்ற விடையைக் கொஞ்சமும் யோசிக்காமல் டிக் செய்துவிட்டு வந்தேன். அதற்கு முழு மார்க் போட்டிருப்பார்கள்.

மதியத்துக்குள் இரண்டு பாக்ஸும் காலி. எது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

வாழ்த்துகளை நித்யாவுக்கே சொல்லிவிடுங்கள். எனக்கு இப்போது ஒரு ஆள் வேண்டும். சேர்ந்த அன்றே செஷன் தருவேன். தெரிந்தவர்கள் இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். காரணம் சொல்ல இனி என்னிடம் பரீட்சை எதுவும் மிச்சமில்லை.