கூட்டிவிட்ட இரண்டரை மணி

டிங்...

காலையில் காபிக் கோப்பையில் ஸ்பூன் பட்டது. நல்ல செராமிக் அப்படித்தான் பாடும். விரிசல் விட்டதென்றால் 'டொக்'கென்று ஒரு சலிப்பு. பீங்கான் ஊரான எங்கள் விருத்தாசலத்தில் கோப்பையைக் கண்ணால் பார்த்து வாங்கமாட்டோம் — சுண்டி, காதால் பார்ப்போம்.

இது போன மாதம் பக்கத்து வீட்டு பர்வீன் கொடுத்தது. பீங்கான் சுட அவள் சொந்தமாக வைத்த கேஸ் சூளையின் முதல் ஈடு, அதாவது முதல் தடவை சுட்டெடுத்தது.

கணவர் யூசுப் மூன்று வருடமாக தோஹாவில் ஏசி மெக்கானிக். "நான் வராம சூளைக் கதவத் தொறக்கக் கூடாது" என்று ஃபோனிலேயே சத்தியம் வாங்கியிருந்தார். சூளைக்குச் சத்தியம் தெரியுமா? அணைத்தபின் ஒரு முழு நாள் ஆறவேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டு அத்தனையும் விரிசல். அவர் வந்துசேரும் மாலை நாலரைக்குச் சரியாக ஆறும்படி முந்தின நாளே அணைத்துவைத்தாள் பர்வீன்.

மதியம் இரண்டுக்கே வாசலில் கார். சத்தம் கேட்டு நானும் அங்கே போனேன். இறங்கியது யூசுப்!

"என்னாங்க, அதுக்குள்ளயா?"

"டிக்கெட்ட அனுப்புனேனே... ஒம்போது மணிக்கு மெட்ராஸுன்னு போட்டுருந்துதே!"

"அது தோஹா மணிதானே? ரெண்டரைய கூட்டிக்கினேன்."

டிக்கெட்டில் இறங்கும் ஊரின் மணிதான் இருக்கும். ஆனால் அவர் எழுந்தது, சாப்பிட்டது, தூங்கப்போனது — எல்லாவற்றோடும் நம் ஊருக்கான இரண்டரை மணி வித்தியாசத்தைக் கூட்டியே மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவள். இதை மட்டும் கூட்டாமல் விடுவாளா?

"பரவால்ல, தொற. ஒண்ணும் ஆவாது" — யூசுப் சூளைக் கதவை நோக்கி நடந்தார்.

"கைய எடுங்க! மூணு வருஷம் பொறுத்தீங்க, ரெண்டரை மணி நேரம் பொறுக்கமாட்டீங்களா?"

"தோஹாவுலேருந்து மெட்ராஸுக்கு நாலரை மணி நேரம். மெட்ராஸுலேருந்து நம்ம ஊருக்கு அஞ்சு! கடலத் தாண்டிடலாம் பாய், டோல்கேட்டத்தான்..." என்று நான் ஆரம்பித்தேன். கேட்க ஆளில்லை. கதகதக்கும் சூளை முன்னால், கவிழ்த்த இரண்டு வாளிகளில், இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இன்னும் பதினொன்றதானே ஆவுது?" — யூசுப் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பர்வீன் அந்தக் கையை இழுத்து மடியில் வைத்து, முள்ளைத் திருகினாள்... திருகி முடிந்த பிறகும் கையை விடவில்லை.

எவ்வளவு தூரத்தையும் விமானம் மணிக்கணக்கில் முடித்துவிடுகிறது. பக்கத்தில் உட்காரத்தான் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. வந்தவரை வழக்கம்போல் சூட்கேஸும் சொந்தக்காரர்களும் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆறாத சூளை காப்பாற்றியது.

நாலரைக்குக் கதவு திறந்தது. யூசுப் முதல் கோப்பையை எடுத்துச் சுண்டினார்.

டிங்!

அடுத்ததும் டிங். அதற்கடுத்ததும்! பர்வீன் சிரித்த சிரிப்பும் ஏறக்குறைய அதே சுதியில்தான் இருந்தது.

லீவு முடிந்து போன வாரம் அவர் கிளம்பினார். பஸ் நகர, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நாலடி நடந்தாள் பர்வீன்.

"அடுத்த தடவையும் டிக்கெட்ட முன்னாடியே அனுப்புங்க... நான் தப்பாவே கணக்கு போட்டு வெக்கிறேன்!"