பினாங்கிலிருந்து வந்த ஜப்பான் கார்

காலையில் மோட்டார் வண்டிக்கு வெந்நீர் ஊற்ற வேண்டிய ஊர் ஒன்று இருக்கிறது என்று பினாங்கில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கொடைக்கானலில் மார்கழி, தை மாதங்களில் அதுதான் என் முதல் வேலை. சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்து விட்டுவிட வேண்டும். மறந்து போனால் உள்ளேயே உறைந்து இரும்பைப் பிளந்துவிடும். விடிந்ததும் அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, குவளை குவளையாக ஊற்றி, வண்டிக்குச் சூடு வந்த பிறகுதான் என் கைக்குச் சூடு வரும். பினாங்கில் இதே வண்டிக்கு வெயில் படாமல் ஈரச்சாக்குப் போட்டு மூடுவேன். இங்கே கம்பளி போர்த்துகிறேன். நாலு வருஷமாகியும் இந்த வேலை எனக்கு வேறு யாருடைய வேலையையோ செய்வது போலத்தான் இருக்கிறது.

இதை எழுதுவது பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர் தமிழர்களுக்கு. அவர்கள் கைக்கு இது போகாது என்று எனக்குத் தெரியும். இந்த யுத்தத்தில் கப்பல் இல்லை, தபால் இல்லை. ஆனால் என்னைப்போல் அங்கிருந்து வந்து இங்கே மாட்டிக்கொண்டவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பார்கள். அவர்கள் கண்ணிலாவது படட்டும்.

நான் பினாங்கில் பிறந்தவன். என் அத்தாவுக்குத்தான் ஊர் கன்னிவாடி. கொடைக்கானல் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் காதர் ராவுத்தருக்குப் பினாங்கிலும் ஒரு கடை உண்டு. அங்கே ஒரு சின்ன ஜப்பான் காரை வாங்கி, மலை ஏறி இறங்க வாடகைக்கு விடலாம் என்று நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றினார். அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் என்னையும் கூடவே ஏற்றினார். இரண்டு வருஷம் என்று பேச்சு. மனைவி மைமூனும் ஐந்து வயது மகள் நூருவும் துறைமுகத்தில் நின்று கையாட்டினார்கள். "தாய்நாட்டுக்குப் போகிறாய், கொடுத்து வைத்தவன்" என்றார்கள் சிநேகிதர்கள். வந்ததும் முதலில் கன்னிவாடிக்குப் போனேன். அத்தாவின் சொந்தக்காரர்கள் இரண்டு நாள் ஆட்டுக்கறியும் சோறுமாகத் தாங்கினார்கள். மூன்றாம் நாள் காலை பெரியத்தா திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்: "தம்பி எப்பம் ஊருக்குப் போறீக?" தப்பாகக் கேட்கவில்லை. அவர்கள் கணக்கில் நான் விருந்தாளி. அன்றே மலை ஏறிவிட்டேன்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனியின் பெயரை எழுத மாட்டேன், தணிக்கைக்காரர் எப்படியும் அடித்துவிடுவார். பினாங்கில் ஏஜெண்டு கடையில் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் ஒரு ஜப்பானிய மிஸ்திரி. அவர் சொல்லித்தான் அதன் கதை தெரியும். பணம் போட்ட மூன்று பங்காளிகளின் பெயர்களில் முதல் எழுத்துகளை எடுத்துக் கோத்த பெயராம் அது. பெரிய வண்டி கட்டிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டு, பிறகு இந்தச் சின்ன வண்டிக்கு இறங்கினார்களாம். முன்மூடியின் மேல் பாய்கிற முயல் ஒன்றை வைத்திருந்தார்கள். இங்கிலீஷ்காரனின் சின்னக் காரைப் பார்த்துக் காப்பி அடித்தது என்று பினாங்கில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டால் மிஸ்திரிக்கு முகம் சிவந்துவிடும். இஞ்சினைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு சாமானாகத் துடைத்து என் முன்னால் வரிசையாக வைப்பார். நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

கொடைக்கானலில் அந்த வரிசையைப் பார்க்க யாருக்குப் பொழுது இருந்தது? ஜப்பான் என்றால் கடைவீதியில் தகரப் பொம்மை, ஒரு சலவைக்குத் தாங்காத சட்டைத் துணி. பஸ் டிரைவர் அய்யாவு பண்ணைக்காட்டுக்காரர், நல்ல மனுஷர், வாய்தான் சும்மா இருக்காது. என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஏன் பாய், சாவி எங்கன இருக்கு? முறுக்கி விட்டுட்டுக் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறதுதானே?" என்பார். கூடி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மலைப்பாதையில் பாதி தூரத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. பெரிய அமெரிக்க வண்டிகளெல்லாம் அங்கே வரும்போது கொதித்துப் புகை கக்கும். எல்லாரும் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, இஞ்சின் ஆறுகிறவரை இறங்கி நிற்பார்கள். என் வண்டி சின்னது, மெதுவாகப் போவது, கொதிக்காது. முதல் தடவை நான் நிறுத்தாமல் போனதும் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஊத்துல நிப்பாட்டலையா? அடப்பாவி மனுசா, வண்டி வெந்து போகுமே! எம்பிள்ளைகளுக்கு நாந்தானய்யா இருக்கேன்!"

தேவையில்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த வளைவில் இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். தண்ணீர் குடிக்காத பேய் வண்டி என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்குப் பிறகு நானும் ஊற்றில் நிறுத்தி, ஒப்புக்கு ஒரு வாளித் தண்ணீரை மோந்து முன் சக்கரத்தில் ஊற்றுவேன். எல்லாருக்கும் திருப்தி. இரண்டு சீசன் போனது, வண்டி எங்கும் நிற்கவில்லை. அய்யாவுகூடப் பயணிகளிடம், "பொம்மதான், ஆனாச் சாகாத பொம்ம" என்று சொல்லத் தொடங்கினார். அந்த வண்டிக்குக் கிடைத்த பெரிய நற்சாட்சிப் பத்திரம் அதுதான்.

அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. இரண்டு வருஷம் முடிந்தபோது, "வாங்க, இல்லாட்டி எங்களைக் கூப்பிட்டுக்கங்க" என்று மைமூன் எழுதினாள். அடுத்த சீசன் முடியட்டும் என்று பதில் போட்டேன். இந்த மலையில் இந்த வண்டியைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், நான் போனால் நின்றுவிடும் என்ற நினைப்பு. ராவுத்தரும் அதையே சொல்லிச் சொல்லி என்னைக் குளிப்பாட்டினார். மறு வருஷமும் அதே கடிதம் வந்தது, அதே பதில் போனது. பிறகு ஒரு நாள் ராவுத்தர் கடையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பினாங்கில் ஜப்பான் விமானம் குண்டு போட்டிருந்தது. இரண்டு மூன்று தரம் படித்துப் பார்த்தேன். எத்தனை தரம் படித்தாலும் சூலியா தெரு என்ற பெயர் அதில் வரவில்லை. எங்கள் வீடு அந்தத் தெருவில்தான்.

அந்த வாரமே வண்டியில் ஏற ஆள் இல்லாமல் போயிற்று. பள்ளிக்கூடத்துத் துரைசானிகள் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ராவுத்தர் திண்டுக்கல்லிலிருந்து பூட்டுச் செய்கிற ஆள் ஒருவரை வரவழைத்து முயலை அறுத்தெடுத்தார், பெயர்த்தகட்டை அரத்தால் ராவித் தேய்த்தார், கறுப்பு வண்டிக்குப் பச்சைச் சாயம் பூசினார். "ஏலே தம்பி, கேட்டா சீமை வண்டின்னு சொல்லு. நல்ல சாமான் எல்லாத்துக்கும் நம்ம கடைவீதியில அதுதானே பேரு" என்றார். நானும் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். உள்ளே இருந்த இஞ்சின் அதேதான். அதைக் கழற்றித் துடைக்கும்போதெல்லாம் அந்த மிஸ்திரியின் முகம் வரும். அவர் ஊர்க்காரர்கள்தான் என் வீட்டின் மேல் குண்டு போட்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ஆனாலும் வண்டியை வெறுக்க முடியவில்லை. இந்த மலையில் பினாங்கைப் பார்த்திருந்தது நானும் அதுவும்தான்.

தை கடைசியில் கோடை ரோடு ஸ்டேஷனில் ஒரு துரைசானியை ஏற்றி வரச் சொன்னார் ராவுத்தர். கையில் ஒரே ஒரு பெட்டி. வண்டியின் படியில் ஒரு கால் வைத்தவள் சட்டென்று பின்வாங்கினாள். இது ஜப்பான் கார், இதில் உட்கார மாட்டேன் என்று இங்கிலீஷில் சத்தம் போட்டாள். அறுத்த முயலும் பூசிய பச்சையும் அவளிடம் செல்லவில்லை. பஸ்ஸோடு நின்றிருந்த அய்யாவு எட்டிப் பார்த்தார்.

"என்ன பாய் சொல்லுது துரைசானி? சீமை வண்டின்னீகளே?"

எனக்கு அவர் கேட்டது காதில் ஏறவில்லை. இந்த வண்டியை இவ்வளவு வெரசாக அடையாளம் காண்கிறவள் இதை எங்கே பார்த்திருப்பாள்? தெரிந்த மலாயில் கேட்டேன்.

"அப்பா கபார், மேம்?"

என்ன செய்தி என்று அர்த்தம். அங்கே வழியில் பார்க்கிற எல்லாரும் எல்லாரையும் கேட்பது. செய்தி நல்லதுதான் என்பது வழக்கமான பதில்.

"கபார் பாய்க்" என்றாள் அவள், பழக்கத்தில். சொல்லி முடித்ததும் பெட்டியைக் கீழே வைத்தாள். "எந்த ஊர் நீ?"

"பினாங்கு. வண்டியும் பினாங்குதான், மேம்."

அவள் வந்து முன் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இங்கே துரைசானிகள் அப்படி உட்கார்வதில்லை. அய்யாவு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

வண்டி ஊற்றுக்கு வந்து சேர்ந்தது. அங்கே நிறுத்தி, வழக்கப்படி வாளியை எடுத்தேன். இந்த வண்டிக்கு எதற்குத் தண்ணீர் என்று அவள் கேட்டாள். நாலு வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, சூலியா தெரு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கடைத்தெருப் பக்கம் குண்டு விழுந்தது. நாங்கள் குன்றின் மேல் இருந்தோம். புகையைத்தான் பார்த்தேன்."

"அந்தப் பக்கத்து ஜனங்கள்?"

அவள் ஊற்றைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எங்களை, வெள்ளைக்காரர்களை மட்டும்தான் படகில் ஏற்றினார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றார்கள். பன்னிரண்டு வருஷம் எங்கள் வீட்டில் வேலைக்கு இருந்த அமா, சீனத்தி, துறைமுக வாசல் வரை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெட்டியை உள்ளே விட்டார்கள்."

அந்தப் பெட்டி என் வண்டியின் பின் இருக்கையில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. இவள் இங்கே உட்கார்ந்திருக்க, மைமூன் அங்கே இருக்கிறாளே என்ற கோபம். ஆனால் அவளுடைய புருஷனும் படையில் சேர்ந்து அங்கேயே நின்றுவிட்டான், உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது என்று சொன்னபோது, அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போயிற்று. ஊருக்கு வரச் சொல்லி மைமூன் கடிதம் போட்டும் போகாதவன் நான். துறைமுக வாசலைச் சாத்தியவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அழுதேன். அவள் பார்க்காதது போல் வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டாள்.

அவள் தங்கப் போன வீடு போய்ச் சேர்ந்ததும், மதுரையில் ஓர் ஆபீஸ் இருக்கிறது, மலாயாவில் சிக்கியவர்களைப் பற்றி விசாரிக்க மனு வாங்குகிறார்கள் என்று சொல்லி, ஒரு சிபாரிசுக் கடிதமும் எழுதிக் கொடுத்தாள். போன வாரம் வெள்ளனே புறப்பட்டு அங்கே போனேன். மனு எழுதுகிற அச்சுப் பாரத்தை எடுத்து நீட்டினார் க்ளார்க். சொந்த ஊர் என்ற இடத்தில் பினாங்கு என்று எழுதினேன்.

"ஒங்க அத்தாவுக்கு எந்த ஊருங்க?"

"கன்னிவாடி."

"அப்ப அதையே எழுதுங்க பாய். இந்த ஜில்லாக்காரங்க மனுதான் நாங்க வாங்கலாம். பினாங்குன்னு எழுதினா ஒங்களையே தேடச் சொல்லி வேற பாரம் கேப்பாக." அவர் கிண்டல் பண்ணவில்லை, உதவிதான் செய்தார். அவரே பினாங்கை அடித்துக் கன்னிவாடி என்று எழுதினார். கீழே மைமூன் பெயர், நூரு பெயர், சூலியா தெரு, கதவு எண் எல்லாம் எழுதியிருந்தேன். அங்கேயும் ஊர்ப்பெயரின் மேல் கோடு விழுந்தது. "அந்த ஊரு இப்ப நம்ம கையில இல்லீங்க. 'எதிரி வசம்'னு போட்டாத்தான் மேல போகும்." மகளின் வயது ஐந்து என்று போட்டிருந்தேன். விட்டுவிட்டு வந்த தேதியையும் பார்த்துவிட்டு அவர் நிமிர்ந்தார். நானே அதை அடித்து ஒன்பது என்று எழுதினேன். அந்த ஒன்பது வயதுப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை.

முத்திரை குத்திய நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கோடை ரோட்டில் இரண்டு பேரை ஏற்றி மலை ஏறினேன். பின்னால் இருந்தவர் பொழுது போகாமல் பேச்சுக் கொடுத்தார். "பாய்க்கு எந்த ஊருங்க?"

மனுவில் ஒன்று, வாயில் ஒன்று என்றிருந்தால் காரியம் கெட்டுவிடுமோ என்று பயந்தேன். "கன்னிவாடி" என்றேன். "அப்படியா, நம்ம பக்கந்தான்" என்று அவர் சந்தோஷப்பட்டு, வெற்றிலை மடித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். மைமூனையும் நூருவையும் இரண்டாம் தரமாக அந்தத் துறைமுகத்தில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியது போல் இருந்தது.