அக்காவின் சிறுநீரகத்தில் வந்த காய்ச்சல்

எனக்குச் சிறுநீரகம் தந்தவள் பூதப்பாண்டியில் தையல் கடை வைத்திருக்கும் என் அக்கா. தந்தாளே தவிர, விட்டுக்கொடுத்ததாக அவள் நினைக்கவில்லை. நான் அதிகம் உப்புச் சேர்த்தால், "எனக்க கிட்னிய கெடுக்காத" என்பாள்.

அறுவை சிகிச்சை முடிந்த சில மாதங்களில், மார்த்தாண்டத்தில் என் பெயின்ட் கடையில் நிற்கும்போது காய்ச்சலில் உடம்பு நடுங்கியது. நல்ல வெயில். டின் வாங்க வந்தவர் எனக்காக ஃபேனை நிறுத்தச் சொன்னார். அன்றே திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன்.

புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க நான் தினமும் விழுங்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருந்தன. அதனால் சிறுநீரில் ஒரு கிருமி வசதியாகக் குடியேறிவிட்டது. வழக்கமான மருந்து எதற்கும் அது சாகவில்லை. மற்றவர்களுக்குப் பரவாமலிருக்க எனக்குத் தனி அறை. உள்ளே வருகிறவர்கள் அங்கியும் கையுறையும் போட வேண்டும். அக்கா அங்கியைத் திருப்பிப் பார்த்து, தையல் சரியில்லை என்றாள்.

டாக்டர் வந்தார். "ஒரு பழைய ஊசி மருந்து இருக்கு. கிருமி சாகும். ஆனா கிட்னியைப் பாதிக்கலாம்."

"யாருக்க கிட்னிய?" என்றாள் அக்கா.

டாக்டர் என்னைக் காட்டினார்.

"அது எனக்கது. போடாம விட்டா?"

"ரத்தத்துல ஏறிடும். உயிருக்கே ஆபத்து."

அக்கா யோசித்தாள். இவ்வளவு நேரம் யோசிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"போடுங்க சார். ஆளு இல்லாம அத மட்டும் வச்சு நான் என்ன செய்ய?"

ஊசி ஆரம்பித்தார்கள். காலையில் ரத்தம் எடுப்பார்கள். ரிசல்ட்டை நர்ஸிடம் என்னைவிட முன்னால் அக்கா கேட்டுவிடுவாள். காய்ச்சல் இறங்கியது, சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் ஏறியது. டாக்டர் ஊசியின் அளவைக் குறைத்தார். அந்த நாட்களில் அக்கா ஜன்னலோரம் நாற்காலியில், கையுறை போட்ட கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை. கிரியாட்டினின் மட்டும் பழைய அளவுக்கு முழுதாக இறங்கவில்லை. இதோடு நெடுநாள் ஓட்டலாம் என்றார் டாக்டர்.

பூதப்பாண்டிக்குத் திரும்பும் காரில் களியக்காவிளை தாண்டியதும் சொன்னேன்: "எனக்கு பயமாத்தான் இருந்துதுக்கா."

"எனக்கும்தாம்ல," என்றாள். கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள். தக்கலை வருவதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.