சிவப்புக்கு ஒரு நூல் கீழே

கேசட்டை சிடியாக மாற்றிக் கொடுக்கும் தொழிலில் கைக்கு வேலை கொஞ்சம்தான். காதுக்கும் கண்ணுக்கும்தான் முழுநேர வேலை. கண் பார்க்க வேண்டியது கம்ப்யூட்டர் திரையில் ஏறி இறங்கும் ஒரு பட்டையை. சத்தம் ஏற ஏறப் பச்சை, மஞ்சள், கடைசியில் சிவப்பு. டேப்ரிக்கார்டரையும் கம்ப்யூட்டரையும் ஒயரால் இணைத்துவிட்டு அந்தப் பட்டையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில், திருத்தங்கல் வீட்டு முன்னறையில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

முதல் போணி

முதலில் வந்தவர் ஜவுளிக்கடை பஷீர் பாய். ஆட்டோவில் கட்டி ஊரெல்லாம் ஒலிபரப்ப, கடை விளம்பரத்தை அவரே பேசிக் கேசட்டில் பதிந்திருந்தார். பட்டாசு ஊரில் சத்தம்தானே மரியாதை என்று அளவை முழுக்க மேலே தள்ளினேன். பட்டை சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. எனக்கு ஒரே பெருமை. கேசட்டில் சிவப்பைக் கொஞ்சம் தாண்டினால் மன்னிப்பு உண்டு. கம்ப்யூட்டரோ, தாண்டிய சத்தத்தின் தலையைச் சீவிவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பாய் ஆட்டோவை எங்கள் தெருவிலேயே நிறுத்திப் போட்டுப் பார்த்தார். தெருவே கேட்டது. பாய் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, இதுல நான் எங்க பேசுறேன்? தகர டப்பாவை ரோட்டுல இழுத்துட்டுல்ல போறீக!"

ராஜாவின் கர்ஜனை

அந்தப் பயத்தில் அடுத்த கேசட்டுக்கு அளவை ஒரேயடியாக இறக்கிவிட்டேன். அது என் கணவர் வேலை பார்த்த பிரஸ்ஸின் ஃபோர்மேன் சுப்பையா அண்ணனுடையது. கோவில் நாடகத்தில் அவர் ராஜா வேஷம் கட்டிச் சபையை நடுங்கவைத்த கேசட். பட்டை பச்சையில் பாதிகூட ஏறவில்லை. பதிந்த பிறகு சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். ராஜாவோடு சேர்ந்து கேசட்டின் இரைச்சலும் அப்பளம் பொரிப்பதுபோல் கூடியது. அண்ணன் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். மனிதர் முகம் வாடிவிட்டது. "தங்கச்சி, நான் கர்ஜிச்சதுல முன்வரிசைப் பிள்ளைக அழுதிருக்கு. இங்கன ஊசிவெடி கூட இதைவிடச் சத்தமா வெடிக்குமே!"

தாயில்பட்டி கேசட்

இரண்டு பேரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகுதான் பாடம் ஏறியது. முதலில் கேசட்டிலேயே உச்சமான இடம் எது என்று தேடிப் பிடி; அந்த இடத்தில் பட்டை சிவப்புக்கு ஒரு நூல் கீழே நிற்கும்படி வை; அப்புறம் கை வைக்காதே. பாய்க்கும் அண்ணனுக்கும் திரும்பப் பதிந்து கொடுத்தேன். இனி என்னை யாராலும் அசைக்க முடியாது என்று நினைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தாயில்பட்டி பேச்சியம்மா அக்கா வந்து நின்றார்.

அக்காவுக்குப் பட்டாசு கம்பெனியில் திரி வெட்டும் வேலை. கூட வேலை பார்க்கும் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக் கும்மிக் குழு வைத்திருந்தார். பக்கத்து ஊர் ஆடிப் பொங்கலுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புதன்கிழமைக்குள் சிடி கொடுக்க வேண்டும். கிடைத்தால், அவர்கள் சொந்த ஊரைத் தாண்டிப் பாடும் முதல் மேடை அது. புதிதாகப் பாடிப் பதிய வழியில்லை. சீசன் ஆர்டர் நேரத்தில் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நாளில் யார் லீவு கொடுப்பார்கள்? இருந்தது போன வருஷத் திருவிழாவில் பதிந்த ஒரே கேசட். அதுவும் ஒருமுறை அறுந்து, செலோ டேப் போட்டு ஒட்டியது. இன்னொரு தடவை முழுசாக ஓடினாலே புண்ணியம்.

தொடக்கத்தை மட்டும் ஓட்டினேன். அருமையான குரல். முதல் அடி முடிந்ததும் டமாரென்று ஒரு வெடி. பட்டை சிவப்பைத் தாண்டிப் போனது. பாட்டில் ஒவ்வொரு அடி முடிந்ததும் ஒரு வெடி போடுவது அவர்கள் ஊர் வழக்கமாம். வெடிக்கு அளவு வைத்தால் பாட்டு சுப்பையா அண்ணனின் ராஜா ஆகிவிடும். பாட்டுக்கு வைத்தால் வெடி பாயின் தகர டப்பா. என்னிடம் இருந்த சாஃப்ட்வேரில் பதிய மட்டும்தான் முடியும், திருத்த முடியாது. வெடிக்கும் நேரம் முன்கூட்டியே தெரிந்தால் குறைத்துக் கூட்டலாம் என்று இழுத்தேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இம்புட்டுத்தானா தாயி? அதுக அம்புட்டுக்கும் திரி வெட்டுனதே நாந்தான்."

டேப்பை ஓடவிட்டோம். அடி முடிந்தது. பிள்ளைகள் வீலென்று கத்திக்கொண்டு ஓடும் சத்தம். "பத்த வச்சாச்சு" என்று அக்கா விரல் மடக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கை கீழே இறங்கியது. நான் அளவை இறக்கினேன். வெடித்தது. பட்டை மஞ்சளில் வந்து நின்றது! கை மேலே போனது. பாட்டும் மேலே வந்தது. எந்த அடிக்கு எந்தத் திரி என்பது அக்காவுக்கு மனப்பாடம்: நீளத் திரிக்கு ஆறு எண்ணிக்கை, குட்டைத் திரிக்கு மூன்று. ஒன்றுகூடத் தப்பவில்லை. மூன்றாவது அடிக்குமேல் நான் திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன், அக்காவின் கையை மட்டும்தான் பார்த்தேன். கடைசிக் குலவை அடங்கிய மறு நிமிஷம் டேப் மெஷினுக்குள் சிக்கிக் கந்தலானது. நான் பதறிப்போய் மெஷினைத் திறந்தேன். அக்கா அசரவில்லை. "விடு தாயி, அது சோலி முடிஞ்சுபோச்சு."

கமிட்டிக்கு முன்னால்

புதன்கிழமை நானும் கூடவே பஸ் ஏறினேன். கோவில் மண்டபத்தில் கமிட்டித் தலைவர் ஒவ்வொரு சிடியாகப் போட்டுக் கேட்டார். எல்லாமே சிவப்பில் குளித்தவை. ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வால்யூமைக் குறைத்தார். எங்கள் சிடிக்கு மட்டும் அந்தக் குமிழைத் தொடவே இல்லை. ஆறு அடி, ஆறு வெடி, முழுசாகக் கேட்டார். "மத்ததுல பாடுறவுகளே வெடிக்காக. இதுல வெடி போட்டும் பாட்டு கேக்குது. மொத நாளே நீக வந்துருங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா அங்கேயே ஒரு குலவை போட்டுவிட்டு, தலைவரிடம் கறாராகச் சொன்னார்: "வாரோம். ஆனா மைக் செட்டுக்குப் பக்கத்துல இந்தப் பிள்ளை உக்காரணும், இவ முன்னால எங்காளு ஒருத்தி நின்னு கையை ஏத்தி எறக்கணும்!"

சத்தம் போட்டே பிழைக்கிற எங்கள் பக்கத்தில், சத்தத்தைக் குறைத்துப் பெயர் வாங்கியவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.